சாடிகளை உடைத்த இளையவர்

மது விலக்கைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசும்போது நாம் பெரும்பாலும் அல்மாயிதா அத்தியாயத்தின் 90ஆம் வசனத்திலிருந்தே தொடங்குகிறோம். மதீனாவாசிகளுக்கோ அது முடிவாக வந்த கட்டளை. அதற்கு முன்பே இறங்கிய அல்பகராவின் 219ஆம் வசனம், மதுவில் மனிதர்களுக்குச் சில பயன்கள் இருப்பதை மறைக்கவில்லை. பாவம் அப்பயனைவிடப் பெரிது என்று எடைபோட்டுக் காட்டியது. நாமோ போதையில் ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிடுகிறோம். நண்பன் ஒருவன் மாற்றிச் சொன்னதும் நம் சொல் முழுவதையும் பிள்ளை சந்தேகிக்கிறான். பின்னர் அந்நிஸாவின் 43ஆம் வசனம், போதையோடு தொழுகையை நெருங்குவதைத் தடுத்தது. ஐவேளை தொழுபவருக்குக் குடிக்கும் நேரமே சுருங்கிற்று.

முழுத் தடை அறிவிக்கப்பட்ட நாளில், அபூ தல்ஹா (ரலி) அவர்களின் இல்லத்தில் பெரியவர்களுக்கு மது ஊற்றிக்கொண்டிருந்தவர் அனஸ் (ரலி). அபூ தல்ஹா அவருடைய தாயாரின் கணவர். ஹிஜ்ரத்தின்போது ஏறத்தாழ 10 வயதாயிருந்த அனஸ், அச்சபையில் எல்லோரிலும் இளையவர். பேரீச்சங்காயும் கனியும் ஊறிய 'ஃபளீக்' என்னும் மது அது. வெளியே அறிவிப்பாளரின் குரல் எழுந்தது. கொட்டிவிடு என்றார்கள். செய்தியை அவர்கள் மறுபடி விசாரிக்கவுமில்லை, மதுவிடம் திரும்பவுமில்லை. இதை நேரில் கண்டவர் ஓர் இளையவர் என்பதே நாம் கவனிக்க வேண்டியது. (வாயில் புகையிலையை அடக்கிக்கொண்டு மகனிடம் கஞ்சாவின் தீமையைப் பேசும் தந்தையர் நம்மிடையே இல்லையா?)

சாடிகளை அடித்து உடைத்தவர் அனஸ். மதீனாவின் தெருக்களில் மது ஓடியது. நெடுங்காலம் வாழ்ந்து பஸராவில் மறைந்த அவரே அந்நாளைப் பின்வந்தோருக்கு அறிவித்தார்.