தெரிந்ததை மறவாமை

மாதுங்காக் கடைத்தெருவுக்குக் கல்யாணச் சாமான் வாங்க வரும் நம்மவர் கையில் ஜாபிதா ஒன்று இல்லாமல் இராது. பத்துக் கல்யாணம் நடத்திய பாட்டியும் அதை ஒருவர் வாசிக்கக் கேட்ட பின்னரே மூட்டையைக் கட்டச் சொல்லுவாள். அவளுக்குத் தெரியாத பொருள் எதுவும் அதில் இல்லை. தெரிந்ததில் ஒன்று விட்டுப் போகலாகாதே என்பதுதான் அவள் கவலை. அந்தக் கவலை பெருந்தொழில்களிலும் இடம் பெற்ற வரலாற்றை இன்று நோக்குவோம்.

மாதுங்காவிலிருந்து செம்பூரைக் கடந்து அப்பால் சென்றால் டிராம்பே. அங்கேதான் 1956-ஆம் ஆண்டு ஆகஸ்டு 4-ஆம் நாள், ஹோமி பாபாவின் தலைமையில் நம் பொறியியலார் அமைத்த இந்தியாவின் முதல் அணு உலை உயிர் பெற்றது. ஆழமான நீர்த்தொட்டியில் தோன்றிய நீல ஒளியைக் கருதி, நேரு அதற்கு ‘அப்ஸரா’ என்று பெயரிட்டார். உலையைத் தொடங்குமுன் நீர்மட்டம், அளவுக் கருவிகள், ஆபத்தில் உலையை நிறுத்தும் அமைப்பு ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக் குறிப்பது உலை நடத்துவோரின் பொது வழக்கம். எத்துணைக் கற்றவராயினும் ‘எனக்கு நினைவிருக்கிறது’ என்ற சொல் அங்கே செல்லாது.

இவ்வழக்கத்திற்கு வழிகாட்டியது விமானத்துறை. 1935-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள், அமெரிக்காவில் டேட்டன் நகரை அடுத்த ரைட் விமானத் தளத்தில் போயிங் கம்பெனியின் நான்கு எஞ்சின் விமானம் ஒன்று சோதனைக்காக மேலெழுந்து, சில கணங்களில் வீழ்ந்து எரிந்தது. அதை ஓட்டிய மேஜர் ஹில் கைதேர்ந்த விமானி. அவரும், உடனிருந்த டவர் என்ற கம்பெனி விமானியும் உயிரிழந்தனர். யந்திரத்தில் பழுது இல்லை. தரையில் நிற்கும்போது காற்றில் ஆடாதிருக்க வால்பகுதிச் சிறகுகளுக்கு இடும் பூட்டு விடுவிக்கப்படவில்லை, அவ்வளவே. ஒரு மனிதர் ஓட்ட முடியாத விமானம் என்று சிலர் பேசினர். விமானிகளோ மேலும் பயிற்சி வேண்டும் என்று கேட்கவில்லை. புறப்படுமுன்னும் இறங்குமுன்னும் பார்க்க வேண்டியவற்றைச் சுருக்கமாக எழுதி வைத்துக்கொண்டனர். அவ்வகை விமானங்கள் பின்னர் 12,000-க்கும் மேல் கட்டப்பட்டன.

அணுத்துறைக்கும் ஒரு கசப்பான பாடம் கிடைத்தது. 1979-ஆம் ஆண்டு மார்ச்சு 28-ஆம் நாள், அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்டு நிலையத்தில் விபத்து நேர்ந்தபோது, உதவி நீர்க் குழாய்களின் வால்வுகள் மூடிக் கிடந்தன. திறந்திருக்க வேண்டிய அவை மூடியிருப்பதைக் கண்டறிய எட்டு நிமிஷம் ஆயிற்று. விபத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. எனினும் திறந்தே இருக்கும் என்று எண்ணுவது வேறு, சென்று பார்ப்பது வேறு என்பதை அந்த எட்டு நிமிஷங்கள் காட்டின.

மருத்துவர்கள் இதை ஏற்கச் சற்றுக் காலமாயிற்று. 2008-இல் உலக சுகாதார நிறுவனம் அறுவை சிகிச்சைக்கென 19 அம்சங்கள் கொண்ட ஜாபிதாவை வெளியிட்டது. மயக்க மருந்துக்கு முன், கத்தி வைக்குமுன், நோயாளி அறையை விட்டு வெளியேறுமுன் என்று மூன்று முறை நிற்க வேண்டும். அறையிலுள்ளோர் தம் பெயரையும் பொறுப்பையும் சொல்ல வேண்டும் என்பதும் அதில் ஒன்று. பெயர் சொல்லிப் பழகிய இளம் நர்சு, தவறு கண்டால் பெரிய டாக்டரையும் தடுத்துச் சொல்லத் துணிவாள் அல்லவா? புதுதில்லி உள்ளிட்ட எட்டு நகரங்களில் சோதித்தபோது, மரணம் நூற்றுக்கு 1.5-லிருந்து 0.8 ஆகக் குறைந்தது.

ஆயின் ஜாபிதா மந்திரம் அன்று. உத்தரப் பிரதேசத்தில் 120 சுகாதார நிலையங்களை எடுத்துக்கொண்டு, அவற்றில் பாதியில் பிரசவ ஜாபிதாவைப் பயிற்சியுடன் அளித்துப் பார்த்தனர். பணிமுறை திருந்தியது; ஆனால் தாய் சேய் மரணம் குறையவில்லை என்று 2017-இல் முடிவு வெளியாயிற்று. பயிற்றுநர் வருகை முடிந்தபின் கடைப்பிடிப்பும் தளர்ந்தது. மருந்தும் வசதியும் கைத்திறனும் இல்லாத இடத்தில் காகிதம் மட்டும் உயிர் காக்காது.

மொழிபெயர்ப்பே தொழிலான எனக்கும் இதில் அனுபவம் உண்டு. ஒருமுறை என் கையெழுத்துப் பிரதியில் ‘அல்ல’ என்ற ஒரு சொல் விடுபட்டு, விதியின் பொருளே தலைகீழாயிற்று. எனக்குத் தமிழ் தெரியாமற் போகவில்லை. அன்று முதல் எண், தேதி, எதிர்மறை ஆகிய மூன்றையும் தனித்தனியே பார்க்கச் சொல்லும் சிறு சீட்டு என் மேஜைமீது இருக்கிறது.

அப்ஸரா 2009-இல் ஓய்வு பெற்றது. அதன் புதிய வடிவம் 2018-இல் டிராம்பேயில் இயங்கத் தொடங்கியது. தலைமுறை மாறினும் பாடம் மாறவில்லை. அறியாமை கல்வியால் நீங்கும். மறதியோ கற்றவரையும் விடாது. அதை ஒப்புக்கொள்ளும் பணிவுதான் ஜாபிதாவின் முதல் வரி.