‘ஐ’க்கும் காசு

தமிழில் ‘நாளை வருகிறேன்’ என்றால் போதும். வருவது யார் என்பதை வினைமுற்றின் விகுதியே சொல்லிவிடும். ஆங்கிலத்துக்கு அந்த வசதி இல்லை. ஆளுக்கேற்ப மாறிய பழைய வினை விகுதிகள் நூற்றாண்டுகளில் தேய்ந்து, பெரும்பாலான வினைகளில் இன்று படர்க்கை ஒருமையின் ‘எஸ்’ மட்டுமே மிச்சம். அதனால்தான் ‘ஐ’, ‘யூ’, ‘ஹீ’ இல்லாமல் வாக்கியம் நிற்காது என்று பள்ளிக்கூட இலக்கணம் கறாராகச் சொல்கிறது. மழை பெய்வதற்குக்கூட ‘இட்’ என்றொரு பொம்மை எழுவாய் வேண்டும்.

அந்தக் கறாரை மீறியவர்கள் ஆங்கிலேயர்களேதான். லண்டன் கடற்படை அலுவலக அதிகாரி சாமுவேல் பீப்ஸ் 1660 ஜனவரி 1 முதல் 1669 மே 31 வரை சுருக்கெழுத்தில் நாட்குறிப்பு எழுதினார். எழுந்தது, அலுவலகம் போனது, படுத்தது என்று ‘ஐ’ இல்லாமலே தொடங்கும் வாக்கியங்கள் அதில் ஏராளம். தன் நாட்குறிப்பில் தன்னையே அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டிய அவசியம் யாருக்கு?

பீப்ஸுக்கு அது பழக்கம். பிற்பாடு வந்த தந்தியிலோ அது பணக் கணக்கு. 1866இல் அட்லாண்டிக் கடலடிக் கம்பி வேலைசெய்யத் தொடங்கியபோது இருபது சொல் வரையிலான செய்திக்கு 20 பவுண்டு கட்டணம். அந்த விலைக்கு ‘ஐ’ போடுவது ஊதாரித்தனம். உள்நாட்டிலும் சிக்கனம் தேவைப்பட்டது. 1870இல் பிரிட்டிஷ் தபால் துறை தந்தியைக் கையிலெடுத்தபோது இருபது சொல்லுக்கு ஒரு ஷில்லிங் வாங்கியது, முகவரிக்குக் காசில்லை. 1885இல் பன்னிரண்டு சொல்லுக்கு ஆறு பென்ஸ் என்று கட்டணம் இறங்கியது. மலிவுதான், ஆனால் இம்முறை முகவரியும் கணக்கில் சேர்ந்தது. பெயர், தெரு, ஊர் போனபின் செய்திக்கு மிஞ்சியது கொஞ்சம். ‘ஐ ஆம் அரைவிங் டுமாரோ’ என்பதில் முதல் இரண்டு சொற்களை வெட்டினாலும் பொருள் கெடுவதில்லை. வருகிறவர் பெயர் கடைசியில் இருக்குமே.

நம் ஊர்களில் தந்தி என்றாலே நெஞ்சு பதறும். ஆங்கிலம் படித்த யாரையாவது தேடிப்பிடித்து வாசிக்கச் சொன்ன வீடுகள் நிறைய. ‘மதர் சீரியஸ், ஸ்டார்ட் இம்மீடியட்லி’ என்ற வாசகம் அன்று அத்தனை பிரபலம். இதில் தந்தி விழுங்கியது ‘இஸ்’ஸை மட்டும்தான். ‘ஸ்டார்ட்’டுக்கு முன் ‘யூ’ இல்லாதது சிக்கனத்தால் அல்ல. ஏவல் வாக்கியத்தில் ஆங்கிலம் எப்போதும் அதை விட்டுவிடும். 2013 ஜூலை நடுவில் இந்தியாவில் தந்திச் சேவையே நின்றுபோனது.

கண்டபடி வெட்டலாம் என்றும் நினைத்துவிடக் கூடாது. நாட்குறிப்பு ஆங்கிலத்தை 1990களில் ஆராய்ந்த பெல்ஜிய மொழியியலாளர் லிலியான் ஹேகெமன் ஓர் ஒழுங்கைச் சுட்டினார்: எழுவாய் உதிர்வது பொதுவாக முதன்மை வாக்கியத்தின் தொடக்கத்தில்தான். ‘திங்க் ஐ வில் கோ’ என்று நாட்குறிப்பில் எழுதலாம். ‘ஐ திங்க் வில் கோ’ ஆங்கிலேயர் காதுக்கு உறுத்தும். கேள்விச் சொல்லுக்குப் பின்னாலும் அப்படியே. ‘வென் வில் ஐ கோ’வில் அந்த ‘ஐ’யை எடுக்க முடியாது. எந்த இலக்கணப் புத்தகமும் கற்றுத்தராத இந்த எல்லையை நாட்குறிப்பு எழுதியவர்கள் தாமாகவே காத்திருக்கிறார்கள்.

1995இல் லண்டன் ‘இண்டிபெண்டன்ட்’ நாளிதழில் ஹெலன் ஃபீல்டிங் தொடங்கிய பிரிட்ஜெட் ஜோன்ஸ் என்ற கற்பனை நாயகியின் நாட்குறிப்புப் பத்தி, அடுத்த ஆண்டே நாவலாக வந்தது. ‘ஐ’யை விழுங்கும் அந்த நாயகியின் நடையும் ஹேகெமன் பின்னாளில் எடுத்துக்கொண்ட சான்றுகளில் சேர்ந்தது.