களைன்னு யார் சொன்னது? பிரெய்ரி புல் வீட்டுக்குத் திரும்பிய கதை

இன்னைக்கு ஒரு புல்லோட கதை. புல்லுக்கு என்ன பெரிய வரலாறுன்னு தோணலாம். ஒரு காலத்துல அமெரிக்காவுல உழுது ஒழிச்ச புல்லை, இப்போ அங்கேயே நர்சரியில காசு கொடுத்து வாங்கி வீட்டு வாசல்ல நடுறாங்க. நடுவுல என்ன நடந்தது?

இல்லினாய், அயோவா, கான்சாஸ் பக்கமெல்லாம் ஒரு காலத்தில் பிரெய்ரிதான். மரங்கள் குறைவு, கண்ணுக்கு எட்டின தூரம் வரை புல். பிக் புளூஸ்டெம் என்ற புல் ஆளையே மறைக்கிற உயரம் வளரும். வேரும் அதே அளவுக்குக் கீழே இறங்கும். அந்த வேர்கள் ஆயிரக்கணக்கான வருஷமா மக்கி மக்கி உருவானதுதான் அங்கே இருக்கிற கறுப்பு மண்.

அந்த வளமே வினையாச்சு. 1833 சிகாகோ ஒப்பந்தத்தில் போட்டவடோமி மக்களின் நிலம் பறிபோனது. 1837-ல் ஜான் டீர் என்ற கொல்லர் ஸ்டீல் கலப்பை செய்தார். பழைய கலப்பையில் அப்பிக்கொண்ட மண், இதில் வழுக்கிக்கொண்டு போனது. சுமார் 17 கோடி ஏக்கரில் இருந்த உயர்புல் பிரெய்ரியில், இன்று 4 சதவீதம்கூட இல்லை. மிஞ்சிய துண்டுகளில் சில எங்கே இருக்கு தெரியுமா? ரயில் பாதை ஓரத்திலும் பழைய கல்லறைத் தோட்டங்களிலும். அங்கேதான் கலப்பை போகலை.

1930-களில் விஸ்கான்சின் பல்கலைக்கழகம், மேடிசன் நகரில் ஒரு பழைய பண்ணை நிலத்தில் பிரெய்ரியைத் திரும்ப வளர்க்க ஆரம்பித்தது. ஆல்டோ லியோபோல்டும் அதில் இருந்தார். புல் நட்டா மட்டும் போதாது, அப்பப்போ தீ வைக்கணும்னு அங்கே நடந்த ஆய்வில் தெரிந்தது. இது புதுசு இல்லை. நிலத்தை இழந்த பூர்வகுடி மக்கள் தலைமுறை தலைமுறையா செய்து வந்ததுதான்.

சரி, வீட்டுத் தோட்டத்துக்கு எப்படி வந்தது? மில்வாக்கி பக்கத்தில் பேசைடு என்ற ஊர். லோரி ஓட்டோ என்ற பெண் தன் வீட்டு லானை எடுத்துவிட்டு உள்ளூர்ச் செடிகளை வளர்த்தார். ஊர் நிர்வாகம் அதைக் களைன்னு சொல்லி வெட்டித் தள்ளியது. அவர் விடலை, எதிர்த்து நின்னு ஜெயித்தார். அவரைப் பார்த்து உந்துதல் பெற்றவர்கள் 1979-ல் தொடங்கியதுதான் வைல்டு ஒன்ஸ் அமைப்பு.

இன்னைக்கு அங்கே சின்னத் தோட்டத்துக்கு லிட்டில் புளூஸ்டெம் வைக்கிறாங்க. இலையுதிர் காலத்தில் செம்பு நிறமா மாறும். பிரெய்ரி டிராப்சீடு பூத்தா கொத்தமல்லி வாசம் வரும்னு சொல்றவங்க உண்டு. நல்ல வெயில் வேணும், உரம் வேண்டாம், போட்டா சாய்ந்துவிடும். முதல் வருஷம் வெளியே பெருசா ஒண்ணும் தெரியாது, வேர்தான் வளரும். காய்ந்த தாளைப் பனிக்காலம் முடியும்வரை வெட்டக் கூடாது. பூச்சிகளுக்கு அதுதான் வீடு.

களைங்கிறது செடியோட பேர் இல்லைங்க. நாம எடுக்கிற ஒரு முடிவு. அந்த முடிவை இந்த நிலத்துல யார் எடுத்தாங்க, யாரைக் கேட்காம எடுத்தாங்க? அடுத்த தடவை ஒரு புல்லைப் பிடுங்கும்போது யோசிச்சுப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.