தேர்ச்சீலையும் சாயவேரும்

திருவிழா நாளில் தேரில் அசைந்தாடும் தொம்பைகளைக் கண்டு மகிழாதார் இலர். சிவப்பும் மஞ்சளும் வெள்ளையும் பச்சையுமான துணிகளை வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் தைத்து, யாளியும் அன்னமும் ஆக்கும் இக்கலைக்குத் தஞ்சை பெயர்பெற்றது. நமக்கு வடமேற்கேயுள்ள காளத்தியிலோ, ஊசிக்கு மாறாக எழுதுகோல் கொண்டு புராணக் கதைகளைத் துணியில் தீட்டினர். இவற்றை ஆக்கியோர் யாவர் என்ற வினாவே நமக்கு முதன்மையானது.

இங்கிலாந்தில் 13, 14ஆம் நூற்றாண்டுகளில் பொன்னூலால் இழைக்கப்பட்ட குருமார் மேலங்கிகளை உரோமாபுரிப் போப்பாண்டவர்களும் விரும்பிப் பெற்றனர். தைத்தோருள் மேபல் என்ற பெண் போன்ற சிலர் பெயரே அரசக் கணக்கேடுகளில் எஞ்சியுள்ளன. நம் நாட்டில் அவ்வளவுமில்லை. ஆயினும், பறையருள் நெசவு செய்வோர், உழவு செய்வோர் என இரு பிரிவினர் இருந்ததைச் சோழர் காலக் கல்வெட்டொன்று குறிப்பதைத் தர்ஸ்டன் தம் நூலில் (1909) எடுத்துக்காட்டுகிறார். ஆந்திர நாட்டில் மாலர் பலரும் நெசவாளரே. தறி நம்மவர்க்கு அயலான பொருளன்று என்பதை இளைஞர்கள் அறிதல் வேண்டும்.

இனி, சிவப்பு நிறத்தின் கதை. அது சாயவேரிலிருந்து கிடைத்தது. கடற்கரை மணலில் வளரும் சிறு செடி அது. படிகாரம் ஊட்டிய துணியிலேதான் அதன் சாயம் பற்றும். மெல்லிய அவ்வேரை அறாமல் தோண்டுவது முதுகொடிக்கும் வேலை. வட இலங்கையில் டச்சுக்காரர் காலத்தில் வேர் தோண்டுவோர் தனிச் சாதியாகவே வைக்கப்பட்டு, அவ்வூழியத்திற்குக் கட்டாயப்படுத்தப்பட்டனர். தோண்டிய கைக்குக் கிடைத்த மதிப்பு இதுவே! நெய்யும் உரிமை பெற்றிருந்த நம் முன்னோர்க்கும், சீலை தொங்கிய மண்டபத்துள் நுழையும் உரிமை இருந்ததில்லை. சென்னை மாகாணத்தில் 1947ஆம் ஆண்டின் ஆலயப் பிரவேசச் சட்டமே அக்கதவைத் திறந்தது.

பழவேற்காட்டு வண்ணத் துணிகள் மலாக்காவிற்கும் பெகுவிற்கும் சென்றதைப் போர்த்துக்கீசியரான பார்போசா 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுதினார். 1613இல் டச்சுக்காரர் இங்குக் கெல்டிரியாக் கோட்டையைக் கட்டினர். நம் கரைத் துணியைக் கொடுத்துக் கீழைத்தீவுகளில் வாசனைப் பொருள்களை வாங்கினர். பஞ்சம் வந்தபோது, அதே கம்பெனியார் பசியால் விற்கப்பட்ட ஏழை மக்களையும் விலைக்கு வாங்கினர். சீலைப் பொதிகள் ஏறிய இதே துறையிலிருந்து, 17ஆம் நூற்றாண்டில் ஆயிரக்கணக்கானோர் அடிமைகளாய்ப் பட்டேவியாவிற்குக் கப்பலேற்றப்பட்டனர்.