டவுன் சிண்ட்ரோம் குழந்தைக்கு எக்கோ டெஸ்ட் ஏன் அவசியம்? திண்டுக்கல் பெற்றோர் தெரிஞ்சுக்க வேண்டியவை

‘குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்கலாம்’ என்று டாக்டர் சொன்னதும் எந்தக் குடும்பமும் கலங்கித்தான் போகும். யார் மேல தப்பு? இதை சரி பண்ண முடியுமா? எங்களுக்குப் பிறகு யார் பார்த்துப்பாங்க? எல்லா வீட்டிலும் எழும் இந்தக் கேள்விகளுக்கான பதில்கள் இதோ.

டவுன் சிண்ட்ரோம்னா என்ன?

நம் உடலின் செல்களில் வழக்கமாக 46 குரோமோசோம்கள் இருக்கும். இதில் 21-வது குரோமோசோம் இரண்டுக்குப் பதிலாக மூன்று இருந்தால் அதுதான் டவுன் சிண்ட்ரோம். 1866-ல் இதை விவரித்த இங்கிலாந்து மருத்துவர் ஜான் லாங்டன் டவுனின் பெயரே இதற்கு வைக்கப்பட்டது. காரணம் கூடுதல் குரோமோசோம்தான் என்பது 1959-ல் தெரியவந்தது. மூன்று 21 என்பதைக் குறிக்கத்தான் மார்ச் 21-ஐ உலக டவுன் சிண்ட்ரோம் தினமாகக் கடைப்பிடிக்கிறார்கள்.

யாருடைய தப்பு?

யாருடைய தப்பும் இல்லை. கிரகணமோ, கர்ப்பத்தில் சாப்பிட்ட உணவோ காரணம் கிடையாது. தாயின் வயது 35-ஐத் தாண்டினால் வாய்ப்பு கூடும் என்பது உண்மை. ஆனால் இளம் தாய்மார்களுக்கும் இப்படிக் குழந்தை பிறக்கிறது. சுமார் 95 சதவீதம் பேருக்கு இது பரம்பரையாக வருவதில்லை. சிறு பகுதியினருக்கு மட்டும் பெற்றோரில் ஒருவரிடமிருந்து வரலாம். அதனால் அடுத்த குழந்தைக்குத் திட்டமிடும் முன், ‘கேரியோடைப்’ எனும் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை டாக்டரிடம் காட்டி ஆலோசனை கேளுங்க.

முதலில் இதயம்

டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு பிறவியிலேயே இதயக் கோளாறு இருக்கும். வெளியே பார்க்க நல்லா இருக்கும், ஸ்டெதாஸ்கோப்பில்கூட சில நேரம் தெரியாது. அதனால் பிறந்த முதல் மாதத்துக்குள் எக்கோ எடுத்துடணும். பெரிய ஓட்டை இருந்தால் பெரும்பாலும் 6 மாதத்துக்குள் ஆபரேஷன் தேவைப்படும். தள்ளிப்போட்டால் நுரையீரல் ரத்தக்குழாய்களில் அழுத்தம் ஏறி, பிறகு ஆபரேஷனே செய்ய முடியாத நிலை வரலாம். ‘கொஞ்சம் வளரட்டும், பார்த்துக்கலாம்’ என்ற பேச்சு இங்கே ஆபத்து.

அடுத்தடுத்த பரிசோதனைகள்

* தைராய்டு: பிறந்ததும், 6 மாதத்தில், 1 வயதில், அதன்பின் ஆண்டுதோறும்.
* காது, கண்: கேட்கும் திறன் குறைந்தால் பேச்சும் தாமதமாகும். கண்புரையையும் பார்க்கணும்.
* தூக்கம்: பலமான குறட்டை, மூச்சு நின்று நின்று வருவது இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்க.
* கழுத்து: நடை தடுமாறினாலோ, கை கால் பலவீனமானாலோ உடனே காட்டுங்க.

டவுன் சிண்ட்ரோமை குணப்படுத்த மருந்து கிடையாது. பொடி, லேகியம் தந்து ‘சரி பண்ணிடலாம்’ என்பவர்களிடம் பணத்தை இழக்க வேண்டாம். பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சியை சீக்கிரம் தொடங்கினால் பலன் கிடைக்கும். தாமதமானாலும் இந்தக் குழந்தைகள் நடக்கவும், பேசவும், படிக்கவும் கற்றுக்கொள்வார்கள்.

எங்கே போகணும்?

பிறந்தது முதல் 18 வயது வரையுள்ளவர்களைப் பரிசோதிக்கும் தேசிய சிறார் நலத் திட்டத்தில் டவுன் சிண்ட்ரோமும் உண்டு. நத்தம், நிலக்கோட்டை, வேடசந்தூர் என எந்தப் பக்கம் இருந்தாலும், அங்கன்வாடிக்கு வரும் மருத்துவக் குழுவிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சொல்லி, மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்குப் பரிந்துரை கேளுங்க. திண்டுக்கல்லில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. உயர் சிகிச்சைக்கு மதுரை ராஜாஜி அரசு மருத்துவமனை இருக்கிறது. ஆபரேஷன் தேவைப்பட்டால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டையை எடுத்துட்டுப் போங்க.

என்ன உதவி கிடைக்கும்?

முதலில் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்குங்க. மற்ற உதவிகளுக்கு அதுதான் சாவி. அறிவுசார் குறைபாடு 40 சதவீதமும் அதற்கு மேலும் உள்ளவர்கள் மாதம் 2,000 ரூபாய் தமிழக அரசின் பராமரிப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். மத்திய அரசின் ‘நிரமயா’ திட்டத்தில் 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு உண்டு. இந்த அளவு குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வியை 2016-ம் ஆண்டு சட்டம் உரிமையாக்கியுள்ளது.

எங்களுக்குப் பிறகு?

18 வயது ஆனதும் பெற்றோர் தானாகவே சட்டப்படி காப்பாளர் ஆகிவிட முடியாது. 1999-ம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, கலெக்டர் இடம்பெறும் உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்து காப்பாளரை நியமிக்கலாம். அண்ணன், அக்கா, சித்தப்பா என யார் பொறுப்பேற்பது என்பதை அப்பா, அம்மா இருக்கும்போதே பேசி முடிவெடுங்க.

பெரியவர்களானதும் இதைக் கவனியுங்க

நல்ல மருத்துவ வசதி உள்ள நாடுகளில் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களின் சராசரி ஆயுள் இப்போது சுமார் 60 ஆண்டுகள். கலகலப்பாக இருந்தவர் திடீரென ஒதுங்கினாலோ, தெரிந்த வேலையை மறந்தாலோ, ‘அவன் அப்படித்தான்’ என்று விட்டுடாதீங்க. தைராய்டு, காது அடைப்பு, தூக்கக் கோளாறு, மன அழுத்தம் என சிகிச்சை தரக்கூடிய காரணம் இருக்கலாம். 40 வயதுக்கு மேல் மறதி நோயும் இவர்களுக்கு சீக்கிரமே வரக்கூடும். வலிக்கிறது என்று அவரால் சொல்ல முடியாமல் போகலாம். கூடவே இருக்கும் நீங்கதான் அந்த மாற்றத்தைக் கவனித்து டாக்டரிடம் சொல்லணும்.