பெரியவர்களின் ஞாபகத்தில் இருந்த கடல்

ஆரம்பச் சரக்கிருப்பு தெரியாமல் லாப நட்டம் போட முடியாது. வணிகவியல் படிக்கும் எங்களுக்கு முதலில் சொல்லித் தரும் பாடம் இது. கடலுக்கும் இதே கதைதான். மீன் குறைந்துவிட்டது என்கிறோம். எவ்வளவிலிருந்து குறைந்தது? முன்பு எந்த இடத்தில் இருந்தது? பல கடல்களில் இதை யாருமே எழுதி வைக்கவில்லை. மீனவர்களின் தலைக்குள் மட்டும்தான் இருந்தது. அதை வெளியே எடுத்த ஒருவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் உள்ளது மெய்ன் மாநிலம். அதன் முன்னால் விரிந்திருக்கும் மெய்ன் வளைகுடா, பல நூற்றாண்டுகளாகக் காட் மீனுக்குப் பேர் போனது. ஆனால் 1990களில் கிழக்குக் கரையோரத்தில் காட் ஏறக்குறைய காணாமலே போயிருந்தது. அரசின் ஆய்வுக் கப்பல்கள் முறையாகக் கணக்கெடுக்கத் தொடங்கியதே 1963-ல்தான். கரையோரத்தில் மீன் முட்டையிடும் இடங்கள் பல அதற்கு முன்பே காலியாகத் தொடங்கிவிட்டன. அதாவது கணக்குப் புத்தகத்தைத் திறக்கும்போதே கல்லாவில் பாதிப் பணம் இல்லை!

இங்கேதான் டெட் ஏம்ஸ் வருகிறார். ஸ்டோனிங்டன் என்ற சிறு துறைமுகத்து மீனவர். உயிர்வேதியியலில் முதுகலைப் பட்டமும் பெற்றவர். 1990களில் இவர் ஓய்வுபெற்ற வயதான மீனவர்களைத் தேடிப் போய், கடல் வரைபடத்தை முன்னால் விரித்து வைத்துக் கேட்டார். சினை முற்றிய மீன் எங்கே கிடைத்தது? எந்த மாதம்? எவ்வளவு ஆழம்? அடியில் சேறா, மணலா, பாறையா?

தொழிலில் இருக்கும் எந்த மீனவரும் தன் இடத்தை லேசில் சொல்ல மாட்டார். இவர்கள் தொழிலை விட்டவர்கள், கேட்டவரும் மீனவர். அதனால் சொன்னார்கள். சரி, மீனவர் சொல்வதெல்லாம் உண்மையா? தப்பிய மீன் எப்போதும் பெரிய மீன்தானே! அதனால் ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொன்னதோடும், வரைபடத்தில் உள்ள ஆழத்தோடும் தரையோடும் ஒப்பிட்டுப் பார்த்தார் ஏம்ஸ். வால்டர் ரிச் என்பவர் அந்தக் காலத்துப் படகுத் தலைவர்களிடம் கேட்டு 1929-ல் வெளியிட்ட அறிக்கையும் கைகொடுத்தது.

2004-ல் முடிவுகள் வெளியாயின. கரையோரத்து முட்டையிடும் இடங்களில் ஏறக்குறைய பாதி கைவிடப்பட்டிருந்தன. வளைகுடாவின் காட் ஒரே கூட்டம் அல்ல, தனித்தனி ஊர்க்காரர்கள் மாதிரி பல கூட்டங்கள் என்பதும் தெரிந்தது. ஓர் இடத்துக் கூட்டத்தை அடியோடு பிடித்துவிட்டால், பக்கத்துக் கூட்டம் வந்து அந்த இடத்தை எளிதில் நிரப்பாது. ஆறுகளில் கட்டிய அணைகளையும் ஏம்ஸ் ஒரு காரணமாகக் காட்டினார். ஆற்றில் ஏறி முட்டையிடும் சிறு மீன்களை அணைகள் தடுத்தன. இரை இல்லாத கரைக்குக் காட் ஏன் வரும்? 2005-ல் அவருக்கு மெக்கார்தர் விருது கிடைத்தது.

இப்போது கடல் வெப்பத்துக்கு வருவோம். 2004 முதல் 2013 வரை மெய்ன் வளைகுடா உலகக் கடல்களில் 99 சதவீதத்தை விட வேகமாகச் சூடேறியது என்று 2015-ல் ஓர் ஆய்வு சொன்னது. குளிர்ந்த நீரில் வாழும் காட் மீள முடியாததற்கு இந்தச் சூடும் ஒரு காரணம். ஆனால் அந்தப் பெரியவர்களின் வரைபடம் மட்டும் இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும்? பழி முழுவதையும் வெயில் தலையில் போட்டுவிட்டு நாம் நகர்ந்திருப்போம். சூடு ஏறுவதற்கு வெகு காலம் முன்பே மனிதன் காலி செய்த இடங்கள் எவை என்பதை அந்த வரைபடம் தனியாகப் பிரித்துக் காட்டுகிறது. எந்த நட்டம் யார் கணக்கில் என்று தெரிந்தால்தானே எதைச் சரிசெய்வது என்று தெரியும்?

கடல் சூடாகச் சூடாக மீன்கள் இன்னும் இடம் மாறும். நேற்று எங்கே இருந்தன என்று சொல்லத் தெரிந்தவர்களுக்கோ வயதாகிக்கொண்டே போகிறது. ஏம்ஸ் பத்து இருபது வருடம் தாமதித்திருந்தால், அந்த ஆரம்ப இருப்பு அவர்களோடேயே மண்ணுக்குள் போயிருக்கும்.