நீலகண்ட சோமயாஜி: நோக்கும் நூல்வழக்கும்

திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த லிங்கநகரிலும் ஈழத்தின் பிற தமிழூர்களிலும் சித்திரைப் புத்தாண்டு பிறக்கும் நேரம் இரண்டாகக் கூறப்படுவதை நாம் அறிவோம். வாக்கிய பஞ்சாங்கம் ஒரு நேரத்தைத் தரும். திருக்கணித பஞ்சாங்கம் மற்றொன்றைத் தரும். முன்னோர் வாக்குத் திருத்தத்துக்கு அப்பாற்பட்டது என்போர் நம்மிடையே உளர். அம்மரபின் தலைசிறந்த அறிஞர் ஒருவரே ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன்னர் இக்கருத்தை மறுத்துள்ளார் என்பது மனங்கொள்ளத்தக்கது.

கேரளத்துத் திருக்கண்டியூரில் 1444இல் பிறந்த நீலகண்ட சோமயாஜி வடமொழியிலும் தரிசனங்களிலும் துறைபோகியவர். பரமேசுவரரின் மைந்தர் தாமோதரரிடம் வானியல் கற்றவர். அவரது 'தந்திரசங்கிரகம்' (1501) புதன், வெள்ளி ஆகியவற்றின் இயக்கக் கணிப்பைத் திருத்தியமைத்தது. ஆரியபட்டீயத்துக்கு அவர் எழுதிய உரையில், ஐங்கோள்கள் ஞாயிற்றையும் ஞாயிறு புவியையும் சுற்றுவதாகக் கொள்ளும் அமைப்பு காணப்படுகிறது. அதையொத்த அமைப்பை டைக்கோ பிராகே ஐரோப்பாவில் வெளியிட்டது 1588இலேயாம்.

எனினும் அவரது 'சோதிர்மீமாம்சை'யே நமது சிறப்பான கவனத்துக்குரியது. பிரமனின் அருளால் ஆரியபட்டர் பெற்றது அறிவுத் தெளிவேயன்றி ஆயத்தக் கணிதமன்று என்பது அதன் வாதம். சித்தாந்தங்கள் தம்முள் முரணும்போது நோக்குடன் பொருந்துவதையே கொள்ளல் வேண்டும். எதுவும் பொருந்தாதவிடத்துக் கருவிகொண்டு நோக்கிப் புதிதாக வகுத்தல் வேண்டும். சோமவேள்வியைத் தம் பெயரிலேயே தாங்கிய வைதிகர் கூறியது இது.

தமிழருக்கும் இதில் நேரடித் தொடர்புண்டு. எழுத்துகளில் எண்களைப் பொதிந்த 248 சந்திர வாக்கியங்களை அடியாகக் கொண்டது வாக்கியக் கணிப்பு. 'வாக்கியகரண'த்துக்கு உரைகண்ட தமிழகத்துச் சுந்தரராசர் நீலகண்டரிடம் ஐயங்களை வினவி விடைபெற்றார்.

இத்தகைய அறிவு பரந்துபட்ட மக்களின் உடைமையாகாதது ஏன்? வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக் கரையை அடைந்து மூன்றாண்டுகளில் தந்திரசங்கிரகம் தோன்றியது. ஆயின் நீலகண்டரைப் புரந்தது கடல்வாணிகமன்று. நிலவுடைமையும் கோயிலும் சார்ந்த நம்பூதிரிச் சமூகமே. அச்சமூகம் வானியலாரிடம் முதன்மையாக வேண்டியது சடங்குக்குரிய காலக் கணிப்பு. சங்கர வாரியர், அச்சுத பிஷாரடி ஆகிய கோயிற்பணிச் சாதியினர் இம்மரபினுட் புகுந்ததும், சேட்டதேவர் 1530ஐ ஒட்டி 'யுக்திபாஷை'யை மலையாளத்தில் எழுதியதும் முக்கியமான தளர்வுகளே. எனினும் உழுவோரையும் கலஞ்செலுத்துவோரையும் அக்கல்வி எட்டவில்லை. உற்பத்தியுடன் பிணையாத அறிவு, காலப்போக்கில் மனப்பாடமாக இறுகுவது இயல்பே.

நோக்குக்கு இணங்கத் திருத்துவது மரபை மீறுவதாகாது. நீலகண்டர் வழிநின்று நோக்கின், திருத்த மறுப்பதே மீறலாகும்.